சுற்றுவழி

2025 பிப்ரவரி 15-ஆம் தேதி மாலை முதல் விகடன் இணையதளம் தங்கள் கைபேசியில் திறக்கவில்லையே என்று வாசகர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அதைத் தடுத்தவர் யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி தடுத்தார், எத்தனை நாளைக்குத் தடுத்தார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய ஒரு வரிகூட அந்த வெற்றுத் திரையில் இல்லை. பிப்ரவரி 10-ஆம் தேதி, விகடன் பிளஸ் என்னும் அதன் இணைய இதழின் அட்டையில் ஒரு கேலிச்சித்திரம் வெளியாகியிருந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பப்பட்டதைக் குறித்து நம் பிரதமர் மௌனம் சாதித்ததைச் சுட்டி, அந்நாட்டு அதிபர் டிரம்ப் அருகிலிருக்கப் பிரதமரே விலங்கு பூண்டு அமர்ந்திருப்பதாக வரையப்பட்ட சித்திரம் அது. பாரதிய ஜனதா கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை அதன்மேல் புகார் செய்திருந்தார். புகாருக்கும் தடைக்கும் நடுவில் தங்களுக்கு முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் அறிவித்தது.

அந்த வாரத்தில்தான், எங்கள் திருப்பரங்குன்றத்தில் காலையில் கிரிவலமும் மாலையில் பத்திரிகையுமாகக் காலம் கழிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள்கூட, விபிஎன் என்ற பெயரை முதன்முதலாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். குருமார் இல்லாத வித்தையா இது? கைபேசிக்குப் பணம் ஏற்றிக்கொடுக்கும் கடையில் இருக்கிற பையனே போதும். "ஐயா, இதைப் போட்டு சிங்கப்பூர்னு வைங்க, தொறந்துரும்" என்று அவன் சொன்னபடி செய்தார்கள், திறந்தது. மதுரை ஜில்லாவைத் தாண்டிப் போயறியாத ஒரு கைபேசி, சிங்கப்பூரிலிருந்து பேசுவதாகப் பாவனை செய்து, சென்னையில் எழுதப்பட்ட தமிழை மறுபடியும் தமிழ்நாட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

இந்த யுக்தியின் உட்கிடை மிக எளியது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய எண் என்னவென்று கைபேசி முதலில் ஒரு பெயர்ப்பதிவேட்டிடம் விசாரிக்கிறது. அந்தப் பதிவேட்டை அநேகமாக நமக்கு இணைப்புக் கொடுக்கும் கம்பெனியே வைத்திருக்கிறது. தடை உத்தரவு வந்ததும் கம்பெனி பொய்யான எண்ணைச் சொல்லிவிடலாம், அல்லது உறையின்மேல் எழுதிய விலாசத்தைப் பார்த்துக் கடிதத்தை வழியிலேயே நிறுத்திவிடலாம். ப்ராக்ஸி என்றும் விபிஎன் என்றும் சொல்லப்படுகிற உபாயங்கள் செய்வதெல்லாம், நம் வேண்டுகோளை வெளிநாட்டிலுள்ள ஒரு கணினிக்கு முதலில் அனுப்பி, அதன் வாயால் கேட்கச் செய்வதுதான். அதிலும் விபிஎன், போகும் கடிதத்தையே பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்புவதால், இடையிலிருக்கும் கம்பெனிக்குப் பெட்டி போவது தெரியுமேயன்றி, யாருக்குப் போகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிவதில்லை. டொராண்டோ சர்வகலாசாலையின் சிட்டிசன் லேப் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாகி 2006-ல் வெளிவந்த சைஃபன் என்னும் மென்பொருள், தணிக்கை மிகுந்த நாடுகளின் பிரஜைகளுக்கென்றே செய்யப்பட்டது. அதே வேலையைச் செய்யும் டோர் என்ற மென்பொருளோ அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிசாலையிலே கருக்கொண்டது. சர்க்கார்களே பெற்ற பிள்ளை, சர்க்கார்களுக்கே தலைவலியாக வளர்ந்தது ஒரு வேடிக்கை.

தமிழனுக்கு இந்தச் சுற்றுவழி புதிதல்ல. 1908-ஆம் ஆண்டில் சென்னையில் "இந்தியா" பத்திரிகையின்மேல் ராஜத்துரோக வழக்குப் பாய்ந்து, அதன் சட்டபூர்வமான ஆசிரியர் சீனிவாசன் கைதானபோது, நான்கே ஆண்டுகளுக்கு முன்பு மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராய் இருந்து போன சுப்பிரமணிய பாரதியார், பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரிக்குச் சென்றார். பின்னாலேயே அச்சு இயந்திரமும் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் முதல் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் எழுத முடியாததை எல்லைக்கு வெளியே எழுதி, தபால் மூலம் உள்ளே அனுப்பும் அந்த ஏற்பாட்டுக்கு அன்று பெயரில்லையேயொழிய, விஷயம் இன்றைய ப்ராக்ஸிக்குச் சற்றும் வேறானதன்று. ஆனால் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்கிறவர்கள் அதன் பிற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையக்கூடாதென்று சர்க்கார் உத்தரவிட்டது. தபால் நிலையங்கள் கண்காணிக்கப்பட்டன. வாசகர்கள் எல்லாரும் எல்லைக்கு இப்பாலேயே இருந்தபடியால், 1910 மார்ச்சு மாதத்தில் "இந்தியா" நின்றுபோயிற்று. கவி மேலும் எட்டு ஆண்டுகள் புதுவையிலேயே காத்திருந்தார். 1918 நவம்பரில் அந்த எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைதுசெய்யப்பட்டார். வழி சுற்றிப் போனவரின் துணிவை மெச்சுகிறேன். ஆனால் எல்லைக்கோடு சிறிதும் நகரவில்லை என்பதையும் கூடவே நினைக்கிறேன்.

அதே விகடன் குடும்பத்தில் 1987-ல் நடந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர்களையும் மந்திரிகளையும் கேலிசெய்து ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது, சட்டமன்றம் அதை உரிமை மீறலாகக் கொண்டது, சபாநாயகராயிருந்த பி.எச்.பாண்டியன், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். ஊரெல்லாம் எழுந்த கண்டனத்தில் சில தினங்களுக்குள் அவர் விடுதலையானார். பின்பு வழக்குத் தொடுத்து, அந்தச் சிறைவாசம் தவறு என்ற தீர்ப்போடு, அடையாளமாக ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் பெற்றார். அதிகாரம் அன்று செய்தது அநியாயம். எனினும் அது பகிரங்கமான அநியாயம். தண்டித்தவரின் பெயர் தெரியும். தண்டனையின் அளவு தெரியும். பத்திரிகையாசிரியர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்பது மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் இருந்தது. கோபத்துக்கு ஓர் இலக்கு இருந்தது. 2025-ல் அப்படியொன்றும் இல்லாமல் பக்கம் மாத்திரம் மறைந்தது; கோபப்படுவதற்கு முன்பே நம்மில் பாதிப்பேர், கடைப் பையன் சொன்ன வழியில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நான் சொல்லவந்த சங்கதி இதுதான். சுற்றுவழியை உபயோகிக்கிற வாசகன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. காரணம் சொல்லாமல் மூடப்பட்ட ஒரு பத்திரிகையைப் படிக்க அவன் எடுத்த முயற்சியைக் குற்றமென்று எவரேனும் சொன்னால், அவனுக்காக வாதாட நான் முதலில் வருவேன். நம் நாட்டில் விபிஎன் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பொதுச்சட்டம் எதுவும் இல்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது அதற்குத் தடை போட்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். என் மனக்கிலேசமெல்லாம், இந்த உபாயம் இவ்வளவு சுலபமாய்க் கிடைப்பதனாலேயே தடையைத் தடையாக உணரும் சக்தியை நாம் இழந்துவிடுகிறோமே என்பதுதான். அறிந்தவன் சந்தடியின்றி ஒரு பக்கமாகப் போய்விடுகிறான். அறியாதவன், அன்றைக்கு ஏதோ கோளாறு போலும் என்று கைபேசியை மூடிவைத்துவிடுகிறான். இருவரில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. சர்க்காருக்கு இதைக் காட்டிலும் அனுகூலமான நிலை வேறு என்ன வேண்டும்?

இலங்கையில் இது ஒரு நாள் பட்டவர்த்தனமாய் வெளிப்பட்டது. 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி, விலைவாசியையும் மின்வெட்டையும் எதிர்த்து ஜனங்கள் தெருவுக்கு வந்த சமயத்தில், கோத்தாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப் முதலிய சமூக ஊடகங்களை நிறுத்திவைத்தது. அன்றே அந்த மந்திரிசபையில் விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷ, இத்தகைய தடைகளைத் தாம் ஆதரிப்பதில்லையென்றும், தாமே அப்போது விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும், அது இருக்கிறபடியால் தடைகள் பயனற்றவையென்றும் ட்விட்டரில் பகிரங்கமாய்ப் பதிவிட்டார். ஆளும் குடும்பத்தின் இளவரசருக்கே சுரங்கப்பாதை தேவைப்பட்ட அந்த நாளில், தடை எவரைத் தடுத்தது? மலையகத்து லயத்தில் பழைய கைபேசியோடு இருந்த தொழிலாளியை அது தடுத்திருக்கும். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இது இன்னும் பழைய பாடம்: தமிழ்நெட் தளம் 2007 ஜூன் முதல் இலங்கைக்குள் தடுக்கப்பட்டபோது, யுத்தச் செய்தியைத் தேடியவர்கள் அக்காலத்து ப்ராக்ஸித் தளங்களில்தான் அலைந்தார்கள்.

நக்கீரரை ஒரு பூதம் பிடித்து எங்கள் மலைக்குகையில் அடைத்த புராணம் இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். ஏற்கெனவே உள்ளே தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர். ஆயிரமாவது ஆளாக அகப்பட்டவர் அவர். புலவர் தமக்கு மட்டும் ஒரு பொந்து தேடி வெளியேறவில்லை. அவர் பாடியதைக் கேட்டு முருகன் பாறையையே பிளந்தபோது, ஆயிரம் பேரும் சேர்ந்தல்லவா வெளியே வந்தார்கள்! விபிஎன் என்பது அந்தப் பொந்து.

அந்தப் பொந்தும் எப்போதும் இலவசமன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்கும் சர்க்காருக்கும் தெரியக்கூடாதென்று நாம் மறைக்கும் ஒவ்வொன்றும், சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பவனுக்குத் தெரிய இடமுண்டு. 2015-ல் ஹோலா என்ற இலவச விபிஎன், தன்னைப் பயன்படுத்திய லட்சக்கணக்கானோரின் இணைப்பையே பிறருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதாவது முகம் தெரியாத ஒருவன் செய்யும் காரியத்துக்கு நம் வீட்டு விலாசம் முன்னே நிற்கும். ஓனவோ என்ற விபிஎன்னை 2013-ல் விலைக்கு வாங்கிய ஃபேஸ்புக், ஜனங்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அதன் மூலமே அறிந்துகொண்டது. 2018-ல் ஆப்பிள் கம்பெனி கண்டித்த பிறகே அது அந்தக் கம்பெனியின் செயலிக் கடையிலிருந்து அகன்றது. ஒற்றனிடமிருந்து தப்பிக்க ஓடிய வீட்டிலும் ஒற்றன். போதாததற்கு, 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய சர்க்காரின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன், விபிஎன் நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர், விலாசம் முதலியவற்றை ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்தவேண்டுமென்று கட்டளையிட்டது. அதற்கு இணங்காத எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்ற பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. நம்பத்தக்கவர்கள் விலகி, பெயர் தெரியாத இலவசச் செயலிகள் கடையில் நிறைந்திருக்கும் நிலையில்தான், எங்களூர்ப் பெரியவர்கள் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது யோக்கியமாகாது. நம் இளைஞர்களில் பெரும்பாலோர் ப்ராக்ஸி என்ற சொல்லைப் பேச்சுரிமைப் பாடத்தில் படிக்கவில்லை, தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுச் சினிமாத் தளத்தைத் தேடும்போதுதான் படித்தார்கள். விடுதியில் கல்லூரி நிர்வாகம் போட்ட தடுப்பைத் தாண்டி விளையாட்டுப் பார்ப்பதற்கும் இதே மென்பொருள்தான். திருட்டுச் சினிமாவுக்குப் போகும் பாதையும் தடைசெய்யப்பட்ட பத்திரிகைக்குப் போகும் பாதையும் ஒன்றாயிருப்பதால் திருட்டு சுதந்திரமாகிவிடாது, பத்திரிகையும் திருட்டாகிவிடாது. ஆனால் இந்தக் கலவையைக் காட்டியே அதிகாரிகள் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்க்கிறார்கள். 2012-ல் "3" என்ற தமிழ்ப்படத்தைப் பாதுகாக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவு ஒன்றைக் காட்டி, இணைப்புக் கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுசாகவே மூடின. குறிப்பிட்ட பக்கங்களைத்தான் தடுக்கவேண்டும் என்று அந்த நீதிமன்றமே ஜூன் மாதத்தில் தெளிவுபடுத்த நேர்ந்தது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகப் பிறந்த உத்தரவில், உலகத்தின் பழைய இணையப் பக்கங்களையெல்லாம் பாதுகாத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மகத்தான நூலகமும் சேர்ந்து மூடப்பட்டது. சினிமாவுக்காக நூலகத்தைப் பூட்டிய தேசம் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

எங்களுக்கு மிக அருகில் நடந்த உதாரணம் டிக்டாக். யானைமலையின் நிழலில், மேலூர்ச் சாலையிலுள்ள உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி, அந்தச் செயலியைப் பதிவிறக்குவதைத் தடைசெய்யுமாறு மத்திய சர்க்காருக்கு இடைக்கால உத்தரவிட்டது. நீதிபதிகள் கிருபாகரனும் எஸ்.எஸ்.சுந்தரும் குழந்தைகளின் நலனை எண்ணியே அதைச் செய்தார்கள். ஏப்ரல் நடுவில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து செயலியை நீக்கின. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் வழக்கம்போல் ஆடிப்பாடினார்கள். இல்லாதவர்களுக்குச் செயலியை நேரே நிறுவ உதவும் ஏபிகே கோப்பு, ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு, பேருந்து நிலையத்திலேயே கைமாறியது. ஏப்ரல் 24-ஆம் தேதி அதே நீதிமன்றம் தடையை விலக்கிக்கொண்டது. எனக்கு அந்தச் செயலியின்மேல் அபிமானம் கிடையாது. அதிலே பொழுது கழித்த பிள்ளைகளைக் கண்டு அங்கலாய்த்தவர்களில் நானும் ஒருவன். எனினும் அந்த மூன்று வாரங்களை மதிப்போடு நினைக்கிறேன்: மனுதாரர் யார், கேட்ட பரிகாரம் என்ன, நீதிபதிகள் சொன்ன காரணம் என்ன, எதிர்த்தரப்பு என்ன வாதாடிற்று, ஏன் விலக்கினார்கள் என்பதெல்லாம் பத்திரிகையில் வந்தது, உடன்படாதவன் உச்சநீதிமன்றம் வரை போனான். 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு, மத்திய சர்க்கார் 59 சீனச் செயலிகளை ஒருசேரத் தடைசெய்தபோது அந்த விவாதத்துக்கு இடமே இருக்கவில்லை. அப்போது டிக்டாக் தானே இந்தியச் சேவையை நிறுத்திக்கொண்டதால், பொந்து வழியாகப் போனவர்களில் பலருக்கும் எதிர்க்கதவு மூடியே இருந்தது.

பொந்தே இல்லாமற்போகும் நாட்களும் உண்டு. தூத்துக்குடியில் 2018 மே 22-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், அந்த மாவட்டத்தோடு திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் இணையத்தையே சில நாட்கள் அடியோடு நிறுத்தினார்கள். குழாயில் தண்ணீரே வராதபோது எந்த ப்ராக்ஸி என்ன செய்யும்? ஆக, எத்தனை சாமர்த்தியமான மென்பொருள் வைத்திருப்பவனும் கடைசியில் உத்தரவு போடுகிறவனின் தயவில்தான் இருக்கிறான். ஆகவே கேள்வியும் அந்த உத்தரவைப் பற்றியதாகவே இருக்கவேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே தடைசெய்ய அனுமதிக்கிறது. 2015 மார்ச்சு 24-ஆம் தேதி ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லுமென்று சொன்னபோது, காரணங்களை எழுத்தில் பதிவுசெய்யவேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்க முடியும் என்பதை முக்கியமான காவலாகக் கொண்டது. ஆனால் 2009-ல் இயற்றப்பட்ட விதிகளில் பதினாறாவது விதி, புகாரையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் கடும் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. காரணம் எழுதப்பட வேண்டும், ஆனால் எவர் கண்ணிலும் படக்கூடாது! இந்த முரண்பாட்டின் நடுவில்தான் விகடன் வாசகர்கள் பிப்ரவரியிலிருந்து காத்திருந்தார்கள். வழக்குப் போட்டபிறகுதான், மார்ச்சு 6-ஆம் தேதி, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பரத சக்கரவர்த்தி தளத்தைத் திறக்க உத்தரவிட்டார். அதிலும் சித்திரம் இருந்த பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஒரு பக்கத்தின் பொருட்டு ஒரு பத்திரிகை முழுவதையும் மூன்று வாரம் மூடிவைக்க முடிந்தது என்பதை எண்ணினால், பூரண நியாயம் கிடைத்ததாக நான் சொல்லமாட்டேன். இருந்தாலும், விபிஎன் இல்லாதவர்களுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்தது அந்த உத்தரவு. சிங்கப்பூர் வழியாகப் படித்த நாங்கள் எல்லாரும் சேர்ந்தும் அதைச் செய்திருக்க முடியாது.

ஆகையால் நான் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் போகிறவர்களிடம் கேட்பது சிறிய காரியம். இணையத்தின் தொழில்நுட்ப நியதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு, சட்டக் காரணங்களால் மறுக்கப்பட்ட பக்கத்துக்கென்று 451 என்ற தனி எண்ணை 2016-லேயே ஏற்படுத்திவிட்டது; ரே பிராட்பரி என்ற அமெரிக்க எழுத்தாளரின், புத்தகம் எரிப்பதைப் பற்றிய நாவலின் நினைவாக அந்த எண்ணை வைத்தார்கள். நம் நாட்டில் ஒரு தளம் தடுக்கப்பட்டால், வாசகனின் திரையில் அந்த எண்ணோடு, உத்தரவிட்ட இலாகாவின் பெயரும், சட்டப்பிரிவும், தேதியும், காலவரம்பும், எந்த நீதிமன்றத்தில் எதிர்த்து முறையிடலாம் என்பதும் தோன்றவேண்டும் என்று விதியைத் திருத்தலாம். தமிழ்த் தளமானால் அது தமிழிலும் இருக்கட்டும். அப்படியொரு பக்கத்தைப் பார்த்த பிறகும் எங்களூர்ப் பெரியவர்கள் கடைப் பையனிடம் போகக்கூடும். ஆனால் போகிற வழியில் வக்கீல் வீட்டிலும் ஒரு நிமிஷம் நின்று விசாரிப்பார்கள்.